மடுல்கெல்லவில் ஒரு பச்சைப் பொத்தான்

கோபத்தோடு ஊர் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. நான் கண்டிக்கு அப்படித்தான் போனேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பிக்கும் குகதாசன் என்ற விரிவுரையாளர் எங்கள் கணினி மையத்துக்கு எழுதியிருந்தார். நாங்கள் இலவசமாகக் கொடுத்த இணைய வகுப்பு மென்பொருள் பொய்க்கணக்குச் சொல்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மாடியறையில் உட்கார்ந்து நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் எழுதிய மென்பொருள் அது. ஆசிரியர் ஓரிடத்தில் இருப்பார், மாணவர்கள் வேறிடத்தில். இணையம் ஒழுங்காகக் கிடைக்காத ஊர்களுக்கென்றே செய்தது. இணைப்பு அறுந்தால் திரையில் எதையாவது எழுதிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாது. கடைசியாக வந்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மறுபடி இணையப் பார்க்கும். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் தன் பெயருக்கு நேரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை என்றால் விளங்கியது, சிவப்பு என்றால் விளங்கவில்லை. பொத்தான்கள் என் யோசனை. மாநாட்டு மேடைகளில் அவற்றைப் பற்றிப் பேசிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

குகதாசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் அறையிலிருந்து மலைமேல் மடுல்கெல்லவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்துகிறார். அங்கே, எங்கள் பிளஸ் டூவுக்குச் சமமான உயர்தர வகுப்பில் அறிவியல் பிரிவு தொடங்கியது இதுதான் முதல் தடவை. இரசாயனவியலைத் தமிழில் சொல்லித்தர அங்கே ஆள் கிடையாது. பாடம் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பொத்தான் எல்லாம் பச்சை, விடைத்தாள் எல்லாம் வெள்ளை என்று எழுதியிருந்தார். ரேணுகா என்ற பெண் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவளாம். இப்போது அவள் தாளும் வெறுமையாக வருகிறது. படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போகப் போகிறாள் என்றும், அவள் போவதற்கு முன்னால் யாராவது வந்து பிழையைக் கண்டுபிடித்துத் தந்தால் நல்லது என்றும் முடித்திருந்தார்.

"போய்ப் பாருங்க. தப்பு நம்மகிட்ட இல்லைன்னு சொல்லிட்டு வந்திடுங்க," என்றார் எங்கள் இயக்குநர். எனக்கும் அதுதான் நோக்கம்.

கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையின் மேல்மாடியில் அறை ஏற்பாடாகியிருந்தது. என்னை அழைத்துப் போக வந்தவர் ரிஸ்வான். அந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர், குகதாசனுக்குப் பழக்கமானவர். எல்லாரும் அவரை ரிஸ்வான் நானா என்றார்கள். நானா என்றால் அண்ணன். என்னைவிட வயதில் இளையவர் என்றாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை.

பசிக்கிறது என்றதும் ஒரு கடையில் நிறுத்தினார். உட்கார்ந்த உடனே, நான் எதுவும் கேட்காமலே, ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை, முக்கோணமாக மடித்த ரொட்டி எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. இவ்வளவு உபசாரமா என்று நெகிழ்ந்துபோனேன். மிச்சம் வைத்தால் மனம் நோகுமே என்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போனேன். கடைசிக் கட்லட்டை எடுக்கும்போது மூச்சு முட்டியது.

கை கழுவிவிட்டு வந்த ரிஸ்வான் நானா தட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாத்தையும் திங்கத் தேவல்ல டீச்சர். வேண்டியத எடுத்துட்டு மத்தத வெச்சிடணும். வர்றவங்க எல்லாருக்கும் அதே தட்டுத்தான் போகும்."

எங்கள் ஊரில் பக்கத்து மேசைக்குப் போய் வந்த வடையை ஒருவரும் தொடமாட்டார்கள். இந்த ஊரில் யாருக்கும் அதில் கூச்சமில்லை. பால் இல்லாத தேநீரை, சீனியைத் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்த பிறகுதான் என்னால் எழுந்திருக்க முடிந்தது.

கண்டி நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஏரி, கோயில், மலை எல்லாம் படங்களில் பார்த்தபடியே இருந்தன. படங்களில் வராதது சுவரொட்டிகள். எங்கள் ஊரில் நடிகர்கள் சிரிக்கும் இடத்தில் இங்கே டியூஷன் மாஸ்டர்கள் கைகட்டி நிற்கிறார்கள். பௌதிகவியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர், உயிரியலுக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். கோட்டு போடாத மாஸ்டரை நான் பார்க்கவில்லை.

"எங்கட மகளும் ஏ.எல்.தான் செய்யிறா," என்றார் ரிஸ்வான் நானா. ஏ.எல். என்றால் உயர்தர வகுப்பு. "டியூஷன் ஹோல் நெறஞ்சி ஈக்கும். பின்னுக்கு ஈக்கிற புள்ளைகளுக்கு மாஸ்டர் டீவியிலதான் தெரிவாரு. அதே ஹோலுக்குள்ளதான் அவரும் ஈக்கிறாரு. ஆனா டீவியில!"

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வான் நானா காதைத் தீட்டிக் கேட்டு எனக்குச் சொன்னார். மகன் பரீட்சை எப்படி எழுதினான் என்று ஒருத்தி கேட்கிறாள். நன்றாக எழுதினேன் என்றான், என்ன எழுதினாய் என்று கேட்டால் தாள் நிறைய என்கிறான் என்று மற்றவள் சொல்கிறாள். இரண்டு பெண்களும் ரிஸ்வான் நானாவும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். நாலாவதாக நானும் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் பேராதனை. இவ்வளவு மரங்களை வைத்துக்கொண்டு எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் இருக்கும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாலே தூக்கம் வரும்.

குகதாசன் ஒல்லியான மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். வெயில் அடிக்கும்போதும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். "வாங்கோ, இருங்கோ. அந்தக் கதிரையிலை இருக்கிற புத்தகங்களைக் கீழை வையுங்கோ," என்றார். எல்லா நாற்காலியிலும் புத்தகம்தான் இருந்தது. ஒரு மூலையில் சின்னக் கரும்பலகை, எதிரே கேமரா. இங்கிருந்துதான் மடுல்கெல்லவுக்குப் பாடம் போகிறது.

நான் என் கணினியை விரித்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பச்சை இரண்டாக எண்ணப்பட்டதா, சிவப்பு எங்கேயாவது பச்சையாக மாறியதா, ஒருவர் அழுத்தியது இன்னொருவர் பெயரில் விழுந்ததா என்று தேடினேன். ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் ஒரே ஒரு சிவப்புக்கூட இல்லை, அவ்வளவுதான்.

"கணக்கு சரியா இருக்கு சார்," என்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பிழை பிள்ளையளிலையோ? இல்லாட்டி என்னிலையோ?"

நான் கணினியை மூடி வைத்தேன். அவருடைய நிலைமையும் சங்கடம்தான். அந்தப் பச்சைக் கணக்கை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பாதி எழுதிவிட்டார். மற்றத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறது. ஆனால் அவர் திரும்பத் திரும்பப் பேசியது ரேணுகாவைப் பற்றித்தான். முதல் மாதத் தாளில் அவள் தன் கையெழுத்தில் கேள்வியை அழகாகத் திருப்பி எழுதியிருந்தாளாம். அடுத்தடுத்த தாள்களில் அதுவும் இல்லையாம்.

"நல்ல பிள்ளையள்," என்றார். "நான் படிப்பிக்கத் தொடங்கினால் ஒரு அசைவு இல்லை. கொட்டாவிகூட விடமாட்டினம். எங்கட கம்பஸிலை இப்பிடி ஒரு வகுப்பு எனக்குக் கிடைச்சதில்லை."

மத்தியானம் கேன்டீனில் சோறும் பருப்பும் கீரைச் சுண்டலும் தந்தார்கள். இலையளவு தட்டில் மலையளவு சோறு. பக்கத்து மேசைப் பையன்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்ததும் குகதாசனும் சிரித்துவிட்டார். வகுப்பில் ஆசிரியர் விளங்கினதா என்று கேட்டபோது ஆமென்று தலையாட்டியதால்தான் இவ்வளவு சீக்கிரம் சாப்பிட வர முடிந்தது என்று ஒருவன் பெருமையடித்தானாம்.

"இங்கை எல்லாரும் உப்பிடித்தான்," என்றார் குகதாசன். "மடுல்கெல்லப் பிள்ளையள் அப்பிடி இல்லை."

சனிக்கிழமை காலையில் ரிஸ்வான் நானாவின் ஆட்டோவில் மலையேறினேன். பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் கடைசி ஏற்றத்தில் ஆட்டோ திணறி நின்றது. "டீச்சர், குறை நினைக்க வாணாம். கொஞ்சம் எறங்கி நடங்க," என்றார். நான் நடந்தேன். வண்டி என் முன்னால் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, ஆட்டோவைத் துரத்தும் பெண்ணை வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "பாவம், காசு குடுத்து நடக்குது," என்றாள்.

அந்தக் குரலில் திடுக்கிட்டேன். மூன்று நாளாக யாழ்ப்பாணத் தமிழையும் கண்டித் தமிழையும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, திடீரென்று பக்கத்து வீட்டுப் பெண் பேசுவதுபோல் இருந்தது. கடல் தாண்டி, மலையேறி வந்து என் ஊர்ப் பேச்சைக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குப் பொறுப்பு ஜோதி டீச்சர். அவருடைய பாடம் இந்து சமயம். கணினி அறைச் சாவியை யாராவது வைத்துக்கொள்ள வேண்டுமே என்று அவரிடம் கொடுத்திருந்தார்கள். என்னை மிஸ் என்றார். பிள்ளைகளும் மிஸ் என்றார்கள். வீட்டில் பேரனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கும் வயதில் எனக்கு இப்படி ஒரு பட்டம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அலுமாரியின் பூட்டைத் திறந்தால் உள்ளே பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. மாணவர்கள் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் இரட்டைப் பின்னலோடு இருந்தவள்தான் ரேணுகா என்று ஜோதி டீச்சர் கண்ணால் காட்டினார்.

திரையில் குகதாசன் தோன்றினார். எல்லாரும் எழுந்து, "வணக்கம் சேர்," என்றார்கள். அவர் உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார்கள். பாடம் தொடங்கியது. நன்றாகத்தான் கற்பித்தார். எனக்கே ஒன்றிரண்டு சங்கதி பிடிபட்டது.

கொஞ்ச நேரத்தில் கீழே தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பெரிய இரைச்சல் கிளம்பியது. விளக்கு மங்கிப் பிறகு சரியானது. திரையில் குகதாசன் ஒரு விரலை உயர்த்தி, வாயைப் பாதி திறந்தபடி நின்றுபோனார். சத்தமும் நின்றது.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் அசையவில்லை. பேனாவை மூடிக் கொப்பியின் மேல் வைத்துவிட்டு, கைகட்டி, நின்றுபோன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அதுவும் விட்டது. குகதாசனின் விரல் இறங்கவில்லை.

"டீச்சர், லைன் போயிருச்சே," என்று ஜோதி டீச்சரின் காதில் சொன்னேன்.

"ஆமா மிஸ். பெக்டரியில பெரிய காத்தாடி போட்டாங்கன்னா கரண்டு எறங்கிரும். அந்த இன்டர்நெட் பொட்டி நின்னுரும். திரும்ப வர்ற அன்னைக்கு வரும். மொத கிளாஸ்லேருந்தே எல்லாச் சனிக்கிழமையும் இப்புடித்தான்."

"சாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "படிப்பிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு எப்புடி மிஸ் கோல் எடுக்கிறது? அவரு அங்க நின்னு படிப்பிச்சுக்கிட்டுத்தானே இருப்பாரு."

"இவங்க எழுந்து வெளியே போகலாமே?"

"சேர் நிக்கிறப்பவா?"

மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். பாதி திறந்த வாயைப் பார்த்து, "நன்றி சேர்," என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு வரிசையாக வந்து, தத்தம் பெயருக்கு நேரே பச்சையை அழுத்திவிட்டுப் போனார்கள். இணைப்பு இல்லாவிட்டாலும் அழுத்தியதைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும்படி செய்திருந்தோம். அந்தக் கெட்டிக்காரத்தனமும் என்னுடையதுதான்.

பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். கணக்கில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகள் எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதையாக ஒரு மென்பொருளை எழுதி வைத்திருக்கிறோம். இணைப்பு அறுந்ததை அது யாரிடமும் சொல்லாது. அந்தப் பக்கம் குகதாசனுக்கும் சொல்லியிருக்காது. அவர் ஒரு வருடமாக மெச்சிக்கொண்டிருந்த கொட்டாவி விடாத வகுப்பு, வெறும் நின்றுபோன படம். வந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

ரேணுகாவை வெளியே பிடித்தேன். சிவப்பை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன்.

"சிவப்ப அமத்துனா எங்க பேரோட சேருக்குப் போகுமே மிஸ். அவரு நல்லா படிப்பிக்கலன்னு நாங்க சொன்ன மாதிரி ஆயிராதா?"

"சத்தம் வரலன்னு பின்னாடியாவது சொல்லியிருக்கலாமே?"

"இங்க லைன் சரியில்லன்னு தெரிஞ்சா வேற ஸ்கூலுக்குக் குடுத்துருவாங்க. எங்களால கிளாஸ் போயிருச்சின்னு ஆயிரும்." பின்னலின் நுனியைத் திருகிக்கொண்டே, "எப்புடியோ, நான் நாளைக்குப் போயிருவேன் மிஸ். மத்தியான பஸ்சுல. அத்தை கடையில சொல்லி வச்சிருக்காங்க," என்றாள். அழவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்பதுபோல் சொன்னாள்.

கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் வளைவு வரை இறங்கி வந்து குகதாசனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினை நாளா?"

"முதல் பாடத்திலிருந்து."

ஆட்டோவின் கூரையில் மழை மறுபடி விழத் தொடங்கியது. இணைப்புப் போய்விட்டதோ என்று நான் ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கிறன்," என்றார். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்குப் படிப்பிச்சனான்?"

ரேணுகா மறுநாள் போவதை மட்டும் சொன்னேன்.

"நாளைக்கு வாறன்," என்றார். "பிள்ளையளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கோ."

மாலையில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மின்சாதனக் கடையில் சின்ன மின்கலப் பெட்டி ஒன்று வாங்கினோம். மின்சாரம் இறங்கினாலும் இணையப் பெட்டியை அது தாங்கிக்கொள்ளும். ஒரு வருடத்தை விழுங்கிய கோளாறுக்கு மருந்து ஒரு கையில் அடங்கியது. ரிஸ்வான் நானா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார். ராத்திரி கொத்து ரொட்டி வாங்கித் தந்தார். இரும்புத் தகட்டில் இரண்டு கத்திகளால் அடிக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஏறினோம். அந்த ஏற்றத்தில் குகதாசனும் இறங்கி நடந்தார். கம்பளிச் சட்டையோடு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் மடுல்கெல்லவுக்கு வருவது இதுதான் முதல் தடவையாம்.

விடுமுறை நாளிலும் சீருடை போட்டு வந்திருந்தார்கள். ரேணுகா மட்டும் வண்ணச் சுரிதாரில் இருந்தாள். வெளி விறாந்தையில் அவளுடைய அம்மா ஒரு பெரிய பையோடு நின்றார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "இல்லங்க, பஸ்சு வந்துரும்," என்று விலகினார்.

குகதாசன் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். பெட்டிக்குள் பார்த்த மனிதர் இவ்வளவு குட்டையா என்று சிலர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. அவர் மேசையில் கையூன்றி, "பிள்ளையள், நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜோதி டீச்சர் பதறிப்போய், "ஐயோ சேர், என்னா சேர்," என்றார்.

நேற்றுப் பாதியில் நின்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதினார். பத்து நிமிடம்போல் கற்பித்தார். திரும்பி, "இப்ப விளங்குதோ?" என்றார்.

"விளங்குது சேர்!" ஒரே குரல்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பியும் மின்கலமும் போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது. உண்மையில் எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கத் தைரியமில்லை.

அப்போது ரேணுகா எழுந்து முன்னால் வந்தாள். விடைபெற்றுக்கொள்ள வந்தவள். குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பின்வாங்கினார். "வேண்டாம் பிள்ளை, வேண்டாம்."

"போறேன் சேர்," என்றாள். திரும்பப் போனவள் நின்றாள். "நான் போறவதானே சேர். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"மூல்னா என்னா சேர்?"

எங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் மோல் என்போம். வேதியியலில் எந்தக் கணக்கைத் தொட்டாலும் முதலில் வருவது அது. அது இல்லாமல் ஒரு படிகூட ஏற முடியாது. பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது கேட்கிறாள். ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"பதினொண்ணாம் வகுப்புல ஓ.எல்.லுக்கு அர்த்தம் தெரியாம பாடமாக்கி எழுதுனேன் சேர். மொதல் கிளாஸ்ல நீங்க அதத்தான் சொல்லிக் குடுத்தீங்க. சொல்ல ஆரம்பிச்சப்ப படம் நின்னுருச்சி."

குகதாசன் கரும்பலகையில் எழுதியிருந்ததை முழுவதும் அழித்தார். அழித்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"பிள்ளை, உங்கட அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டு போனால் என்னெண்டு கணக்குப் பாக்கினம்? ஒவ்வொரு இலையா எண்ணுறவையோ?"

"இல்ல சேர். நிறுப்பாங்க."

"ஏன் எண்ணுறேல்லை?"

"எண்ண ஏலாதே சேர். அவ்வளவு இருக்குமே."

"ஓம். அணுவும் அப்பிடித்தான். எண்ண ஏலாது. அதாலை நிறுக்கிறம். இவ்வளவு நிறுத்தால் இத்தினை அணு இருக்கும் எண்டு ஒரு தொகை வைச்சிருக்கிறம். எந்தப் பொருளை எடுத்தாலும் தொகை ஒண்டுதான். அந்தத் தொகைக்குப் பேர்தான் மூல்."

ரேணுகா போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப, இரும்புல ஒரு மூலும் கரியில ஒரு மூலும் நிறுத்தா வேற வேறயா வருமா சேர்? முத்தின இலையும் கொழுந்தும் வேற வேற நிறை இருக்கிற மாதிரி?"

"வரும்! வரும் பிள்ளை!" குகதாசனின் குரல் உடைந்து உயர்ந்தது. "இருங்கோ. அப்பிடி இருங்கோ, எழுதிக் காட்டுறன்."

அவள் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "சேர், அப்ப அந்தத் தொகை எப்புடி சேர் கண்டுபிடிச்சாங்க?" என்றான். இன்னொருத்தி, எனக்கும் அது விளங்கல சேர் என்றாள். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லாததால் கையை எடுத்தாள். அதன் பிறகு குகதாசனால் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்க முடியவில்லை.

நான் விறாந்தைக்கு வந்துவிட்டேன். எனக்கு அங்கே வேலையில்லை. ரேணுகாவின் அம்மா ஜன்னலருகே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பை அவர் தோளிலேயே தொங்கியது.

வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. "கண்டி, கண்டி!" என்று நடத்துநர் கத்தினார். ரேணுகா தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா என்னிடம் திரும்பினார். "இன்னும் எவ்வளவு பாடம் மிச்சம் இருக்குங்க மிஸ்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எல்லாமே இருக்குங்க," என்றேன். "முதல்லேருந்து."

"ஏறுறீங்களா இல்லியா அம்மா?" என்று நடத்துநர் பொறுமையிழந்து கேட்டார்.

அந்த அம்மா தோளிலிருந்த பையை இறக்கி, சாரல் படாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் வைத்தார்.

"நீங்க போங்க தம்பி. நாளைக்கும் பஸ்சு வரும்தானே."